இருபத்தோரு நோய்க்கும் ஒரே மஞ்சளாம்

மகனுக்கு உன் அப்பன் எழுதுவது.

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கப் போவதில்லை. நீ என் தலைக்கு மேலே, கடை மாடியில்தான் இருக்கிறாய். நேற்று மூன்று முறை சோறு வாங்கிப் போட்டுக்கொண்டதைப் பார்த்தேன். உன் நலத்துக்கு ஒரு குறையும் இல்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு கிழவன் கடிதம் எழுதுகிறான் என்று நீ உன் பெண்டாட்டியிடம் சொல்லிச் சிரிக்கலாம். வாயால் சொல்லிப் பார்த்துவிட்டேன். நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் நீ கைக்கடிகாரத்தைப் பார்க்கிறாய். மூன்றாவது வார்த்தைக்கு, "ஒங்களுக்கு இதெல்லாம் புரியாதுப்பா" என்று எழுந்து போய்விடுகிறாய். காகிதத்திடம் அப்படி எழுந்து போக முடியாது. அதோடு, எதுவும் அச்சில் வந்தால்தான் உனக்கு உண்மை. ஆகவே உன் நோட்டீசை அடித்துக் கொடுத்த அதே அச்சுக்கூடத்துக்கு இதையும் அனுப்புகிறேன். மலாயா நாட்டு ஈப்போவில் நம் கடைக்கு வருகிறவர்கள் படிக்கட்டும். ரப்பர் தோட்டங்களுக்குச் சாமான் ஏற்றும்போது கூடவே போகட்டும். படிக்கத் தெரிந்த ஒருவர் வாசிக்க, கூலிகள் குடியிருக்கும் லயத்து வாசலில் பத்துப் பேர் உட்கார்ந்து கேட்கட்டும். வீட்டு மானம் போய்விடும் என்கிறாள் உன் அம்மா. போக வேண்டிய மானம் உன் நோட்டீசிலேயே போய்விட்டது. இது மிச்சத்தைக் காப்பாற்றப் பார்க்கிறது.

வருகிற வெள்ளிக்கிழமை நீ பாகான் டத்தோவுக்குக் கிளம்புகிறாய். கல்யாணமாகி நாலு மாதம் ஆகிறது, தனிக்குடித்தனம், தனிக்கடை. தென்னந்தோட்டங்களுக்கு நடுவே நம் கடைக்கு ஒரு கிளை போடலாம் என்று சொன்னது நான்தான், இல்லையென்று சொல்லவில்லை. அரிசி, பருப்பு, புளி, மிளகாய், மஞ்சள் என்று விற்கப் போகிறாய் என்று நினைத்தேன். நீ வைத்தியம் விற்கக் கிளம்பியிருக்கிறாய் என்பது அச்சுக்கூடத்துக்காரர் வந்து சொன்ன பிறகுதான் எனக்குத் தெரியும். "அண்ணே, ஒங்க மகன் நோட்டீசை எம்பொஞ்சாதி படிச்சா. இத்தனை நல்ல மருந்தை இவ்வளவு காலமா கறியில போட்டு வீணாக்கிட்டோமேங்கிறா" என்றார். அவர் கேலி செய்கிறார் என்பது எனக்குப் புரிந்தது. உனக்குப் புரிந்திருக்காது, நீ அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு இன்னொரு கட்டு அடிக்கச் சொல்லியிருப்பாய்.

'மஞ்சள் மகிமை' என்று தலைப்பு. மேலே தாமரையில் லட்சுமி. கீழே நம் கடைப் பெயர், நான் இருபது வருஷமாகக் கட்டிக் காத்த பெயர். நம் கடை மஞ்சளை நாள்தோறும் சமையலில் சேர்த்துவந்தால் இருபத்தோரு நோய் வராது, வந்த நோயும் நிற்காது என்று எழுதியிருக்கிறாய். ஒவ்வொரு மஞ்சள் பொட்டலத்தோடும் இதில் ஒன்றை வைத்துக் கொடுக்கப் போகிறாய். நான் உன்னிடம் கேட்பது ஒன்றே ஒன்று. அந்தக் கட்டுகள் இந்த வீட்டை விட்டுப் போகக் கூடாது. ஏன் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு எழுத வேண்டியிருக்கிறது.

உன் இருபத்தொன்றையும் உட்கார்ந்து படித்தேன். பதினான்காவது பாம்புக்கடி. பாம்பு கடித்தவன் குழம்பு கொதிக்கும்வரை காத்திருக்க வேண்டுமா, அல்லது பாம்பைக் காத்திருக்கச் சொல்ல வேண்டுமா என்பதை நீ எழுதவில்லை. ஒன்பதாவது, ஞாபகமறதி. முந்தாநாள் பினாங்கிலிருந்து வந்த மூட்டைகளை இறக்கிவைக்கச் சொன்னேனே, மழையில் நனைந்து கிடந்தன. நினைவு தெரிந்த நாளிலிருந்து மஞ்சள் கடையில் சாப்பிடுகிறவன் நீ. நடுவில் ஒரு நற்சாட்சிக் கடிதம் வேறு. ஜெலாப்பாங்கிலிருந்து ஒரு அம்மாள், மூன்று வருஷமாக இருந்த மூட்டுவலி நம் மஞ்சள் போட்ட மீன்குழம்பில் போய்விட்டதாக எழுதியிருக்கிறாள். ஜெலாப்பாங்கில் எந்த வீட்டில் எந்த அம்மாளுக்கு எந்த மூட்டு வலிக்கிறது என்று எனக்குத் தெரியும். ஐந்து வருஷம் சைக்கிளில் அங்கே சாமான் விற்றிருக்கிறேன்.

"யாருடா இந்த அம்மா?" என்று கேட்டேன்.

"சும்மா ஒரு பேருப்பா. கம்பெனிக்காரன் எல்லாம் இப்படித்தான் போடுறான்."

"வலியாவது நெசமா?"

நீ சிரித்தாய். அப்போதுதான் கடிகாரத்தைப் பார்த்தாய்.

அடுத்த பக்கத்தில் உன் அம்மாவையும் இழுத்திருக்கிறாய். 'இந்நிறுவனத்தாரின் தாயார் தம் வாழ்நாளில் ஒருநாளும் ஜுரமென்று படுத்ததில்லை, காரணம் மஞ்சளே.' நான் அதை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "போன கார்த்திகையில நாலு போர்வை போத்திக்கிட்டு நடுங்குனது யாரு, பக்கத்து வீட்டுக்காரியா?" என்றாள். "எனக்குக் கசாயம் வச்சுக் குடுத்ததே இவன்தானே. அதையும் மறந்துட்டானா?" பெற்றவள் அல்லவா, மகனுக்காக ஒரு சாக்கு தேடிக்கொண்டிருந்தாள். கிடைக்கவில்லை போலிருக்கிறது; அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

எல்லாவற்றிலும் எனக்கு அதிகமாக எரிச்சல் மூட்டியது கால்வீக்கம். ஈயச் சுரங்கத்துச் சீனக் கூலிகள் கால் வீங்கி, நெஞ்சடைத்துச் சாகிறார்கள். நம் தமிழ்க் கூலிகளுக்கு அது வருவதில்லை. காரணம் நம்மவர் உண்ணும் மஞ்சளே என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறாய். இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்கு உன்னை அனுப்பியதற்குப் பதிலாக எதிர்க்கடைச் சீன முதலாளி தவுக்கேயிடம் ஒரு மாதம் அரிசி அளக்க விட்டிருக்கலாம். அவர் இதைப் பத்து வருஷத்துக்கு முன்னாலேயே கடைத்தெருவில் பேசும் பாசார் மலாயில் எனக்குச் சொன்னார். உங்கள் ஆள் புழுங்கல் அரிசி தின்கிறான், எங்கள் ஆள் தீட்டின வெள்ளை அரிசி தின்கிறான், வெள்ளை அரிசியில் மூட்டை மஞ்சளைக் கொட்டிக் கிளறினாலும் கால் வீங்கத்தான் செய்யும் என்றார். ஆஸ்பத்திரி டாக்டர்களும் அதைத்தான் சொல்கிறார்கள். அரிசி விற்கிறவன் ஒவ்வொருவனுக்கும் தெரிந்த இந்தச் சமாசாரம் அரிசிக் கடைக்காரன் மகனுக்குத் தெரியவில்லை. தெரிந்தும் எழுதியிருந்தால் அது இன்னும் கேவலம்.

நான் மஞ்சளைப் பழிக்கிறேன் என்று நினைத்துவிடாதே. நமக்குச் சோறு போட்டது அது. ஈப்போவில் இப்போது ஆபீசில் எழுதும் சில பெரிய கிராணிமார் வீடுகளில் மஞ்சளே சேர்ப்பதில்லை. நகம் மஞ்சளாகிறதாம், வெள்ளைச் சட்டையில் கறை பிடிக்கிறதாம், துரை வீட்டுக்காரர் வந்தால் வீட்டில் கறிவாடை அடிக்கிறதாம். ரொட்டியும் டின் மீனும் தின்று மலம் கட்டிப்போய், இருட்டின பிறகு என்னிடம் ஆள் அனுப்பிக் கடுக்காய் வாங்குகிறார்கள். அந்தக் கூட்டத்தை எனக்குப் பிடிக்காது. ஆனால் மஞ்சளைத் தின்னாதவனைவிட மஞ்சளைக் கும்பிட வைக்கிறவன் மோசமானவன். முதல் ஆளுக்கு அவன் வயிறு மட்டும்தான் கெடுகிறது.

மஞ்சள் என்ன செய்யும் என்று இருபத்தைந்து வருஷம் அதைக் கையால் அள்ளியவன் சொல்கிறேன், கேட்டுக்கொள். மீனையும் இறைச்சியையும் உப்பும் மஞ்சளும் போட்டுக் கழுவினால் கவிச்சை போகும். கெட்டுப்போன மீனை அது நல்ல மீனாக்காது. வாடையை மட்டும் மறைக்கும், அங்கே அது உனக்கு எதிரி. கடற்கரை ஊருக்குப் போகிறாய், மீனை முதலில் மூக்கால் பார், பிறகு மஞ்சளைத் தொடு. பருப்பு வேகும்போது ஒரு சிட்டிகை மஞ்சளும் பூண்டும் பெருங்காயமும் போட்டால் வயிறு உப்பாது. அது மஞ்சளின் வேலையா பெருங்காயத்தின் வேலையா என்று யாரும் பிரித்து வைத்துப் பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை, ஆகவே மஞ்சள் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். தொண்டை கட்டினால் சுடுபாலில் மஞ்சளும் மிளகும் போட்டுக் குடிக்கலாம், இதமாக இருக்கும். நோயில் கிடந்து எழுந்தவனுக்கு வாய் கசக்கும்போது மஞ்சள் போட்ட ரசம் சோற்றை உள்ளே இறக்கும். ரப்பர் பால்வெட்டுக் கத்தி விரலில் கீறினால் பெண்கள் மஞ்சளை வைத்துக் கட்டுவார்கள், சின்னக் கீறல் ஆறிவிடும். எலும்பு தெரிகிற வெட்டுக்கு ஆஸ்பத்திரிதான். எண்ணெய் காய்ந்த பிறகு மஞ்சளைப் போடு, கருக விடாதே. பச்சை வாடை போனால் போதும். கூடப் போட்டால் குழம்பு கசக்கும், மருந்து என்று நினைத்துக் கரண்டியால் அள்ளிப் போடுகிறவர்கள் வீட்டில் யாரும் இரண்டாம் முறை சாப்பிட மாட்டார்கள்.

இன்னொன்றும் பார்த்திருக்கிறேன். தோட்டத்து லயத்தில் எந்த வீட்டில் மஞ்சள் அதிகம் செலவாகிறதோ அந்த வீட்டுப் பிள்ளைகள் கொஞ்சம் தெம்பாக இருக்கும். இதை வைத்துக்கொண்டுதான் நானும் ஒரு காலத்தில் பேசித் திரிந்தேன். பிறகுதான் மண்டையில் ஏறியது. மஞ்சள் செலவாகிற வீடு என்றால் அடுப்பு எரிகிற வீடு. அங்கே பருப்பு வேகிறது, கீரை வேகிறது, மீன் கொதிக்கிறது, தண்ணீரும் சுடவைத்துக் குடிக்கிறார்கள். மற்ற வீட்டில் பழைய சோறும் கருவாட்டுத் துண்டும். கள்ளுக்கடைக்குப் போய்விட்டு வந்தவன் வீட்டில் அதுவும் இல்லை. மஞ்சள் அந்தச் சட்டியில் கூட இருந்தது, அவ்வளவுதான். கூட்டத்தோடு நின்று படம் எடுத்துக்கொள்கிறவன் கல்யாண மாப்பிள்ளை ஆகிவிட மாட்டான்.

இப்போது நீ கேட்பாய், தோட்டக்காட்டு ஜனங்கள் ஒரு பொட்டலம் மஞ்சளை நம்பி வாங்கினால் என்ன குடி முழுகிவிடும், விஷமா கொடுக்கிறேன் என்று. கேட்டும் இருக்கிறாய், உன் அம்மாவிடம். அதற்குப் பதிலாக ஒன்றைச் சொல்கிறேன். இதை உன் அம்மாவிடம்கூட நான் முழுசாகச் சொன்னதில்லை. அவள் அச்சில் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

நீ தவழ்கிற பிள்ளை அப்போது. நான் காடு வெட்டுகிற வேலையை விட்டுவிட்டு, பழைய சைக்கிள் ஒன்றின் பின்னால் மரப்பெட்டி கட்டி, தோட்டம் தோட்டமாகச் சாமான் விற்றுக்கொண்டிருந்தேன். ஒரு ரப்பர் தோட்டம். பெயர் வேண்டாம், குற்றம் தோட்டத்தின் மேல் இல்லை. பாதி பழைய மரம், பாதி புதிதாகக் காடு அழித்துக் கன்று வைத்த இடம், கொசுவும் காய்ச்சலும் சொல்லி முடியாது. காலையில் ஆள் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில் தோட்டத்து மருந்துக்காரரான டிரசர் ஒரு வாளியோடு நிற்பார். ஒவ்வொருவரும் வாயைத் திறந்து, மலேரியாக் காய்ச்சலைத் தடுக்கும் கொய்னாத் தண்ணி குடித்துவிட்டுத்தான் வேலைக்குப் போக வேண்டும். கசப்பு என்றால் அப்படி ஒரு கசப்பு. பாதிப் பேர் கன்னத்தில் அடக்கிக்கொண்டு போய் லயத்துக்குப் பின்னால் துப்புவார்கள். அந்த இடத்தில் கோழிகூட மேயாது என்று சொல்லிச் சிரிப்பார்கள்.

அங்கே அஞ்சலை என்று ஒரு பெண், பால் வெட்டுகிறவள். அவள் புருஷன் மாயன் களை வெட்டுகிறவன், நல்ல உழைப்பாளி, வாயாடி. ஒருநாள் மத்தியானம் அவர்கள் வாசலில் பெட்டியைத் திறந்து வைத்திருந்தேன்.

"அண்ணே, கொய்னா குடிச்சா இவருக்குக் காது அடைக்குது, தலை சுத்துதுங்கிறாரு. நேத்து வேலைக் காட்டுலயே வாந்தி எடுத்துட்டாரு. ஒங்க பெட்டியில வேற ஏதும் இருக்கா?" என்றாள் அஞ்சலை.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். டிரசரிடம் போய்ச் சொல் என்று சொல்லியிருக்கலாம். நான் வியாபாரி. "இல்லாம என்னம்மா. தினம் ரசத்துல நம்ம மஞ்சளை நல்லாத் தூக்கலாப் போடு. மிளகு ரெண்டு பங்கு. ரத்தம் சுத்தமாயிருச்சுன்னா காய்ச்சல் கிட்ட வருமா?" என்றேன்.

மாயன் திண்டில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தான். "அப்ப கொய்னா வேணாங்கிறீங்களா?" என்று கேட்டான். நேரான கேள்வி.

"நான் வேணாம்னு சொல்லலையே. கசப்பு ஒனக்குப் புடிக்கும்னா குடி" என்று சொல்லிச் சிரித்தேன். அவனும் சிரித்தான். பக்கத்து வீட்டுக்காரர்களும் சிரித்தார்கள். அடுத்த வாரம் அந்த லயத்தில் பாதி வீடு மஞ்சள் கேட்டது. பெட்டி காலி. திரும்பி வரும்போது சைக்கிளை மிதிக்கிற பாரமே தெரியவில்லை. வாக்கில் ஒரு பொய்கூட இல்லாமல் பொய்யை விற்கிற கெட்டிக்காரத்தனம் எனக்கு இருக்கிறது என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

உன் நோட்டீசில் கடைசி வரி என்ன என்று ஞாபகம் இருக்கிறதா? 'இதன்பின் கசப்பு மருந்துகள் தேவைதானா என்பதை அறிவுடையோர் தாமே முடிவு செய்துகொள்வர்.' அதைப் படித்தபோது கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன். அது உன் வரி இல்லை, என் வரி. நீ இலக்கணத் தமிழில் எழுதியிருக்கிறாய், நான் சைக்கிளில் சாய்ந்து நின்று சொன்னேன், வேறு வித்தியாசம் இல்லை. வேண்டாம் என்று சொல்லவில்லையே என்று நாளைக்கு நீயும் சொல்லிக்கொள்வாய்.

மாயன் கொய்னாவைத் துப்ப ஆரம்பித்தான். இரண்டு மாதம் ஒன்றும் ஆகவில்லை. நம் மஞ்சளுக்கு நல்ல பேர். மூன்றாம் மாதம் காய்ச்சல் வந்தது. வந்த காய்ச்சல் மூளைக்கு ஏறி, ஆள் யாரென்று தெரியாமல் உளறினானாம். மாட்டுவண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மூன்றாம் நாள் போய்விட்டான். எனக்கு இதெல்லாம் தெரியாது. வழக்கம்போல மணியடித்துக்கொண்டு அந்த லயத்துக்குள் போனேன். யாரும் வெளியே வரவில்லை. அஞ்சலை மட்டும் வந்தாள். பார்த்ததும் தெரிந்துவிட்டது, நெற்றியும் கழுத்தும் வெறுமையாக இருந்தன.

எப்போதும் அவள் இரண்டு பொட்டலம் வாங்குவாள், சமையலுக்குக் கறி மஞ்சள் ஒன்று, குளிக்கப் பூசு மஞ்சள் ஒன்று. பழக்கத்தில் என் கை இரண்டையும் எடுத்துவிட்டது. அவள் ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

"பூசு மஞ்சள் வேணாம்ணே. இனிமே கொழம்புக்கு மட்டும்தானே" என்றாள்.

அவள் என்னைத் திட்டுவாள் என்று நின்றேன். திட்டியிருந்தால் இவ்வளவு காலம் அது என்னோடு வந்திருக்காது. அவள் சொன்னது வேறு. "ஒங்க மேல தப்பில்லைண்ணே. நீங்க நல்லதுதான் சொன்னீங்க. நான்தான் நடுவுல நாலு நாளு மஞ்சள் தீந்துபோயி வெறும் ரசம் வச்சுட்டேன். அதுலதான் விட்டுப்போச்சு. என் கையாலயே கெடுத்துக்கிட்டேன்."

புரிகிறதா உனக்கு? அவனைக் கொன்றது அந்த நாலு நாள் ரசம் என்று நினைத்தாள். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் தலையிலிருந்து அது இறங்கியிருக்கும். இல்லைம்மா, ரசத்தில் ஒன்றும் இல்லை, கொய்னாவைத் துப்ப வைத்தது நான் என்று சொல்லியிருக்கலாம். பக்கத்து வீடுகளில் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பெட்டியில் பாதிச் சரக்கு மிச்சம் இருந்தது. நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்பதுபோல ஆட்டினேன். பொட்டலத்தை மடித்துக் கொடுத்துவிட்டுச் சைக்கிளைத் திருப்பினேன். அப்புறம் அந்தத் தோட்டத்துப் பக்கம் நான் போகவில்லை. பாதை சரியில்லை என்று உன் அம்மாவிடம் சொன்னேன். அஞ்சலை ஊருக்குத் திரும்பினாளா, வேறு தோட்டம் போனாளா, தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயற்சி செய்ததும் இல்லை. இதை அச்சில் கொடுப்பதற்கு நீ மட்டும் காரணம் இல்லை. எந்த லயத்து வாசலிலாவது இதை யாராவது வாசிக்கும்போது அவள் காதில் விழட்டும். அம்மா, அந்த நாலு நாளுக்கும் அவன் சாவுக்கும் சம்பந்தமே இல்லை. அப்போது சொல்லாமல் போனேன்.

அதிலிருந்து யாராவது காய்ச்சலுக்கு மஞ்சள் கேட்டால் நான் கடைக்காரனாகப் பதில் சொல்வதில்லை. "இது கறிக்கு. காய்ச்சலுக்கு டிரசரைப் பாரு" என்பேன். இதனால் எத்தனையோ பேர் பக்கத்துக் கடைக்குப் போனார்கள். போகட்டும். நீ அப்போதெல்லாம் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் படித்துக்கொண்டிருந்தாய். உன் காதில் ஒருநாளும் விழவில்லை போலிருக்கிறது.

இதுவரை எழுதிவிட்டு, போதும், படித்தால் பையன் திருந்திவிடுவான் என்று மூடி வைத்திருந்தேன். நேற்று மத்தியானம் உன் தகரப்பெட்டியைக் கட்டக் கயிறு கொடுக்க மாடிக்கு வந்தேன். நீ இல்லை. மருமகள் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தாள். அடியில் உன் நோட்டீசுக் கட்டுகள். அதற்கு மேலே அவளுடைய கூறைப்புடவை மடிப்புக்குள் பத்திரமாகச் சுற்றி ஒரு புட்டி.

"என்னம்மா அது?" என்று கேட்டேன்.

"கொய்னா மாத்திரை மாமா. அது காய்ச்சல் ஊராம். ரெண்டு பேரும் தவறாமப் போட்டுக்கணும், நீ மறந்தாலும் நான் விடமாட்டேன்னாரு."

"கசக்குமே?"

"வெல்லத்துக்குள்ள வச்சு முழுங்கினா தெரியாதாம் மாமா. அவருதான் சொல்லிக் குடுத்தாரு."

"நம்ம மஞ்சள் இருக்கே, அது போதாதா?"

அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள். மாமனார் விளையாடுகிறார் என்று நினைத்திருக்கிறாள். "அது விக்கிறதுக்கு மாமா" என்றாள்.

அவளை நான் குற்றம் சொல்லமாட்டேன். நீ செய்ததும் சரிதான். பெண்டாட்டியைக் காய்ச்சல் ஊருக்குக் கூட்டிப்போகிறவன் கொய்னா இல்லாமல் போகக் கூடாது. உனக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. நான் அன்றைக்கு அரைகுறையாகத்தான் தெரிந்து செய்தேன், நீ முழுசாகத் தெரிந்து செய்கிறாய். வெல்லத்துக்குள் வைத்து விழுங்கச் சொல்லும் அளவுக்கு உனக்குத் தெரிகிறது. மாயனுக்கு அந்த ஒரு யோசனையை யாராவது சொல்லியிருந்தால் போதும். வெல்லமும் அன்றைக்கு என் பெட்டியில் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் வண்டி வருவதற்கு முன்னால் அந்தப் பெட்டியைக் கீழே கடைக்கு இறக்கு. மருமகளும் கூட வரட்டும். நோட்டீசில் நீ எழுதியது உண்மை என்றால், புட்டியை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, அங்கே போய் ரெண்டு பேரும் ரசம் வைத்துச் சாப்பிடுங்கள். அதற்கு உனக்கு மனசு வரவில்லை என்றால் கட்டுகளை எடுத்து உன் அம்மாவிடம் கொடு, அடுப்பெரிக்க ஆகும். இரண்டும் ஒரே பெட்டியில் என் வாசலைத் தாண்டாது. எதை எடுக்கிறாய் என்று நான் பார்த்துக்கொண்டிருப்பேன். நீ என்னைப் பார்க்க வேண்டாம். உன் பெண்டாட்டி முகத்தைப் பார்த்துக்கொண்டு எடு.

உன் அப்பா